அக்காவின் இடத்தில் நின்றவள்

1

சில வாரங்களாக நான் வேலைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள இந்தச் சிற்றூரின் பொது நூலகத்தில் எனக்குப் பகுதி நேர வேலை. முன்வாசல் வழியாகப் போனால் சிறுவர் பகுதியைத் தாண்டித்தான் என் மேசைக்கு வர முடியும். அந்தச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சிறுமியின் புகைப்படம் ஒட்டியிருக்கிறது. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, சீருடை, கையில் விரித்த புத்தகம், எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வாய். இந்தியாவில் தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் இவள் படிக்கிறாள், இந்த ஊர் மக்களின் உதவியால் படிக்கிறாள் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

அவள் பெயர் பவித்ரா. அவள் இப்போது உயிரோடு இல்லை.

ஊரிலிருந்து உங்களில் யாராவது எனக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு ஆசிரியர் வேண்டும், எங்கள் நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும், வெளிநாட்டில் யாரிடமாவது நிதி வாங்கித் தர முடியுமா என்று. கேட்பதில் தவறே இல்லை. முயன்றால் வாங்கித் தரவும் முடியும். அதனுடன் சேர்ந்து வேறு என்னவெல்லாம் வரும் என்பதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் அரூரில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கடைவீதியில் மண்டி இருந்தது. சித்தேரி மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவருகிறவர்கள் மண்டி வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு, பேசாமல் நிற்பார்கள். அவர்களை அந்த வாசலில் பார்த்ததோடு சரி. அவர்கள் ஊர் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததுகூட இல்லை. என் கல்லூரித் தோழி சுமதி அந்த மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போன பிறகுதான், ஒரு விடுமுறையில், முதல்முறையாக மேலே ஏறினேன். என் மகள் மீராவும் வந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

பள்ளியில் ஆசிரியர் இடங்கள் பாதி காலி. ஊர்க்காரர்கள் சேர்ந்து கோகிலா என்ற பெண்ணைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். பி.எட். படித்தவள், அரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் மலை ஏறுகிறவள். அவளுக்குச் சம்பளம் கொடுக்க ஊரால் முடியவில்லை. அவள் போய்விட்டால் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு ஆளில்லை. "படிப்பு நின்னா அடுத்த மாசமே ஏஜெண்ட் வண்டியோட வந்துடுவான்டி. பொண்ணுங்க அத்தனையும் திருப்பூர் மில்லுல இருக்கும்" என்றாள் சுமதி.

நான் வேலை செய்யும் நூலகத்தின் மாடி அறையில் மாதந்தோறும் ஓர் உள்ளூர் அறக்கட்டளை கூடும். பழைய துணியும் கேக்கும் விற்றுச் சேர்த்த பணத்தைத் தூர நாடுகளின் பள்ளிகளுக்குக் கொடுக்கிறவர்கள். ஆசிரியர் சம்பளமும் ஒரு சிறு நூலகமும் கேட்டு அவர்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி உள்ள அமைப்பைத் தருமபுரியில் தேடுவதற்கே பல மாதம் போயிற்று. அதன் பிறகு கேள்விகள். உங்கள் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்ன என்று ஒரு கேள்வி. சுமதியிடம் கேட்டேன்.

"கரடி நடமாட்டம் இருக்குற மாசத்துல பெரிய பசங்கள முன்னயும் பின்னயும் வுட்டு, சின்னதுங்கள நடுவுல நடக்க வெச்சு வூட்டுக்கு அனுப்பறேன். அதான்டி எங்க கொள்கை. எழுதிக்க."

அதையே எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் மாறவில்லை. ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து மூன்று வருடமும் அந்தக் குழந்தையின் கதையைச் சொல்ல வேண்டும். படம், ஆண்டுக்கு ஒருமுறை காணொளியில் பேச்சு. பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்றார் தலைவி மார்கரெட். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நல்லவர். முகம் மாறினால் கதை அறுந்துவிடும், கதை அறுந்தால் நிதியும் நின்றுவிடும் என்பது விதி.

அனுப்பிய படங்களில் பவித்ராவை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

3

அதன் பிறகு சனிக்கிழமைகளில் மீரா அந்தப் பள்ளிக்குப் புத்தகம் வாசிப்பாள். எங்களுக்குக் காலை, அவர்களுக்கு மத்தியானம். அந்த மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் செல்போன் எடுக்கும். ஆகவே பிள்ளைகள் எல்லாம் தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மீரா ஆங்கிலக் கதை ஒன்று படிப்பாள். பவித்ரா தமிழ்க் கதை ஒன்று படித்து, மீராவின் உச்சரிப்பைத் திருத்துவாள்.

"அக்கா, 'மழ' சொல்லுங்க பாக்கலாம்."

"மல."

"மலைங்கறது நாங்க இருக்கறது. மேல இருந்து வுழறது என்ன?"

அந்தப் பக்கம் தொட்டிப் படிக்கட்டே சிரிக்கும். என்னிடம் தமிழில் பேசச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் மகள், அவர்கள் சிரிப்பதற்காகவே மறுபடியும் தப்பாகச் சொல்வாள். ஒருநாள் சமையலறையில் நின்று, "அம்மா, வூட்ல பால் இல்ல" என்றாள். கல்லூரிக்குச் சென்னை போன முதல் மாதமே நான் என் வாயிலிருந்து துடைத்துப் போட்ட சொல் அந்த 'வூடு'. இப்போது என் மகள் வாயில் திரும்பி வந்திருந்தது.

ஐப்பசியில் அழைப்புகள் நின்றன. மழையில் டவர் போய்விட்டது என்று சுமதி செய்தி அனுப்பினாள். பிறகு அரையாண்டுத் தேர்வு என்றாள். பிறகு பொங்கல் என்றாள். மீரா ஒவ்வொரு சனிக்கிழமையும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் அவளிடம், ஊரில் எல்லாம் அப்படித்தான் மெதுவாக நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

ஆண்டுப் பேச்சு வந்தது. மூன்றாம் ஆண்டு நிதியை முடிவு செய்யும் பேச்சு. நூலக மாடியில் குழுவினர் ஐந்தாறு பேர். மொழிபெயர்க்க நான். மீரா தானாகவே வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கோகிலா டீச்சர் தெரிந்தாள். அவளுக்கு முன்னால் இரட்டைச் சடை, சீருடை, கையில் புத்தகம்.

எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. இந்தப் பெண் சின்னவள். சட்டையின் தோள் கீழே இறங்கியிருந்தது. நெற்றியும் மூக்கும் பவித்ராவினுடையவை, கண் வேறு. இங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே முகம்.

மார்கரெட் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்.

"நல்லா இருக்கேங்க."

மொழிபெயர்த்தேன். புதிதாக என்னென்ன படித்தாய் என்று கேட்டார்.

"அக்கா படிச்ச புஸ்தகம் எல்லாத்தையும் நானும் படிச்சுட்டேங்க."

எல்லாப் புத்தகத்தையும் படித்துவிட்டாளாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாய்தான் சொன்னது. குழுவினர் மகிழ்ந்து கைதட்டினார்கள். பின்னால் மீரா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

இன்னும் டீச்சராகத்தான் ஆசையா என்று மார்கரெட் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்தப் பெண் புத்தகத்தைப் பார்த்தாள். கோகிலா அவள் தோளைத் தொட்டாள்.

"அது அக்காங்க. எனக்குத் தெரியலீங்க."

அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போது மீரா என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து, தமிழில் கேட்டாள்.

"பவித்ரா எங்க?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போலும்.

"செத்துப் போச்சுங்க."

படம் ஆடியது. போனைப் பிடித்திருந்த கை சுமதியினுடையது என்று பிறகுதான் தெரிந்தது. மார்கரெட் என் பக்கம் சாய்ந்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அந்த இரண்டு சொற்களை நான் மொழிபெயர்த்தேன்.

5

சுமதி அன்று மத்தியானமே கூப்பிட்டாள். எடுத்தவுடனே சண்டை.

"உம் பொண்ணு ஒரு வார்த்தைல ஒரு ஸ்கூலயே இழுத்து மூடிட்டாடி."

"அவ கேட்டது தப்பா? பவித்ரா போனத எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? அங்க எழுதிக் குடுப்பே. அவங்க கதை முடிஞ்சு போச்சும்பாங்க. நீ நேர்மையானவ. இங்க வந்து ஒரு மழைக்கு இருந்து பாரு, உன் நேர்மைய."

பிறகு அழுதாள். ஐப்பசி மழையில் பவித்ராவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் கண் சொருகியிருக்கிறது. பாதை அரித்துக்கொண்டு போயிருந்ததால் ஜீப் ஏறவில்லை. போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அரூர் வரைக்கும் உயிர் இருந்தது. தருமபுரிக்கு அனுப்பினார்கள். பாதி வழியில் போய்விட்டாள். தூக்கியவர்களில் சுமதியும் ஒருத்தி.

"சின்னவள நிக்க வைக்கலாம்னு உனக்கு எப்படிடி தோணுச்சு?"

"எனக்குத் தோணல. இவருக்குத்தான் தோணுச்சு. நீயே பேசு."

போனை ஒரு ஆணிடம் கொடுத்தாள். பவித்ராவின் அப்பா பொன்னுசாமி. மலையில் சாமை விதைக்கிறவர். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல அமைதியாகப் பேசினார்.

"நாந்தானுங்க சொன்னேன். டீச்சரம்மா மேல கோவப்படாதீங்க. பெரியவ மூணு வருசம்னு ஒத்துக்கிட்டா. ரெண்டாச்சு. எங்கூர்ல ஒருத்தரு பால்குடம் எடுக்கறேன்னு நேந்துக்கிட்டுப் பாதியில போயிட்டா, கூடப் பொறந்ததுல அடுத்தது எடுத்து முடிக்கும். முடிக்காம வுடக் கூடாது. வுட்டா போனவங்களுக்குப் போற வழி கெடைக்காது. சின்னது நானே நிக்கறேன்னுச்சு. அவ சட்டையவே போட்டுக்கிச்சு. பொய் சொல்லணும்னு இல்லீங்க."

"புரியுதுங்க" என்றேன். உண்மையிலேயே புரிந்தது. அதுதான் அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாத விஷயம். நான் ஆங்கிலத்தில் வாங்கிக் கொடுத்த நிபந்தனை, மலை ஏறிப் போனதும் நேர்த்திக்கடனாகிவிட்டது. அவர்களுக்கு அந்தச் சுவரில் இருப்பது விளம்பரம் அல்ல, முடிக்க வேண்டிய ஒரு வேண்டுதல்.

சின்னவள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"இலக்கியாங்க. வூட்ல அவங்கம்மா மட்டும் இப்ப பவித்ரான்னுதான் கூப்புடறா. நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல."

மீரா என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: உனக்குத் தெரிந்திருந்தது, இருந்தும் நீ மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாய். நான் பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். இப்போதெல்லாம் தினமும் அப்படி நிற்கிறேன். அவளுக்கு லேசாகத் தும்மல் வந்தாலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். கையைத் தட்டிவிடுகிறாள்.

6

குழு மறுபடியும் கூடியது. பால்குடத்தை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். பால் என்றேன், குடம் என்றேன், சத்தியம் என்றேன். கேட்டவர்களின் முகத்தைப் பார்த்தபோது, நான் ஏதோ பழங்குடி விநோதத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல எனக்கே தோன்றியது. மீன்பிடிப் படகில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மட்டும், அப்படியானால் அந்தக் குழந்தை தன் அக்காவுக்காக அதை முடித்துக்கொண்டிருந்தாள் என்றார். ஆமாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவின் விதிக்குக் கண்ணாடி கிடையாது.

மார்கரெட் ஒரு வழி சொன்னார். மனமிரங்கித்தான் சொன்னார். பவித்ராவின் மரணத்தை மறைக்க வேண்டாம். தங்கை தொடர்கிறாள் என்று புதிய கதையாகச் சொல்லலாம். இலக்கியாவின் படத்தை அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். முழு நிதியும் தொடரும், கோகிலா வாரம் முழுவதும் வருவாள். பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதும்.

ஒப்புதல் கேட்க மல்லிகாவைக் கூப்பிட்டேன். பவித்ரா, இலக்கியாவின் அம்மா. பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைப்பவர். எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கியாவின் படம், முழுச் சம்பளம், கோகிலா டீச்சர். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டியடியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"எம் பொண்ணு படத்த அங்க எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

நூலகத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்த்தார்கள். குழந்தைகளைக் கூட்டிவந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், கழிப்பறை தேடி வந்தவர்கள். அழகான பெண் என்றார்கள். என்ன கண்கள் என்றார்கள். என்னிடமே சொன்னார்கள், நான் நன்றி சொன்னேன்.

"நெறையப் பேருங்களா?"

"ஆமாங்க."

"ம்" என்றார். பிறகு, "இவ படம் வேணாங்க. அவ படத்தையும் எடுத்துடச் சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை இல்லை. நான் முதுகலை விலங்கியல் படித்தவள். காய்ச்சல் எதனால் வருகிறது, கொசு எங்கே முட்டையிடுகிறது, எல்லாம் சொல்வேன். அன்று சாயங்காலம் போனை எடுத்து, மீராவின் படம் இருந்த என் சமூக ஊடகப் பக்கங்களில் எல்லாம் போய் ஒவ்வொன்றாக நீக்கினேன். பிறந்தநாள், பள்ளி நாடகம், கடற்கரை. என் கணவர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். போனில் இடம் காலி பண்ணுகிறேன் என்றேன்.

ஒப்புதல் இல்லை என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். முகம் இல்லாத பள்ளிகளுக்கென்று அவர்களிடம் இன்னொரு சிறிய நிதி இருக்கிறது. அதிலிருந்து பாதிதான் கிடைத்தது. கோகிலா இனி வாரத்தில் மூன்று நாள் வருவாள். மிச்ச நாட்களில் எட்டாம் வகுப்பை யார் பார்ப்பது என்று சுமதிக்குத் தெரியவில்லை. வகுப்பிலிருந்து இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தாள். எங்கே போனார்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

சுவரில் உள்ள படம் சுவரோடு ஒட்டப்பட்டது. அகற்றுவதற்கு நகராட்சியின் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஆள் வர வேண்டும். கோரிக்கை பதிவாகியிருக்கிறது, வரிசைப்படி வருவோம் என்று பதில் வந்தது. இரண்டாவது முறை எழுதியதற்கும் அதே பதில்.

7

மீரா போன சனிக்கிழமை தானாகவே சுமதியைக் கூப்பிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. நான் சமையலறையில் இருந்தேன். பிள்ளைகளின் இரைச்சல் கேட்டதும் கூடத்துக்கு வந்து, அவளுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றேன். போகச் சொல்லவில்லை.

தொட்டிப் படிக்கட்டில் பாதிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். இலக்கியா மேல்படியில் இருந்தாள். தன் அளவுச் சட்டை போட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியைப் பார்த்ததுமே மல்லிகா என்று தெரிந்துகொண்டேன். நான் இருப்பது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

மீரா ஒரு மரியாதைக்காகத் தொடக்கத்திலிருந்து தொடங்கினாள். தன் பெயரைச் சொன்னாள். எந்த ஊர் என்று சொன்னாள். பிறகு கஷ்டப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக, "உன் பேர் என்ன?" என்று கேட்டாள்.

இலக்கியா பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"எந்தப் பேரச் சொல்லட்டும், அக்கா?"

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. மீரா என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

மல்லிகா எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, படிக்கட்டில் இறங்கி, திரையை விட்டு வெளியே போனார். காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டு நின்றது. அவர் தொலைவுக்குப் போய்விடவில்லை, தொட்டிக்கு மறுபக்கம்தான் இருந்தார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இலக்கியா போனுக்கு மிக அருகில் வந்தாள். திரை முழுவதும் அவள் வாய்தான் தெரிந்தது. மறுபக்கம் நிற்கிறவருக்குக் கேட்டுவிடாதபடி, மூச்சுக் காற்றிலேயே, தன் பெயரைச் சொன்னாள்.